பனி மனிதன் செய்வது எப்படி? பத்திரமாகத் திரும்புவது எப்படி?



தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "கத்திரி வெயிலில் தார் ரோடு உருகி செருப்பில் ஒட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் பொம்மை செய்ய சொல்லித் தர்றியா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் ஒரு விஷயம். நம் பாலிடெக்னிக்கில் ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் டூர் போகிறார்கள். டெல்லி, ஆக்ரா என்று ஆரம்பித்து, எப்படியாவது மணாலியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். பனியையே பார்த்திராத நாற்பது பேர் ஒரே நேரத்தில் பனியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வருடம் நான் நேரில் பார்த்தேன். அடுத்த வருடம் போகப்போகிற ஜூனியர்களுக்காகவும், பணக் கஷ்டத்தால் டூர் வர முடியாமல் போன என் வகுப்பு நண்பர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை. வந்தவர்களுக்கு இது பாடம். வராதவர்களுக்கு இதுவே டூர்!

பனியில் எத்தனை பனி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றுக்கும் "பனி" என்றே சொல்லிவிடுகிறோம். மார்கழி மாதம் காலையில் புல் நுனியில் நிற்பது பனித்துளி. ஆற்காடு ரோட்டில் எதிரே வரும் பஸ் தெரியாமல் மறைப்பது மூடுபனி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகிறதே, அது உறைபனி. இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவதுதான் பனிப்பொழிவு. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வது முதல் இரண்டு வகையைப் பற்றித்தான். பனி மனிதன் செய்யக் கடைசி வகைதான் வேண்டும்.

ஊட்டி உறைபனியில் பொம்மை செய்ய முடியாதா என்று ஒரு நண்பன் கேட்டான். முடியாது. உறைபனி மேலேயிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்துவிடுகிறது. புல்லின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேலேயே ஐஸாகப் படிகிறது. நகத்தால் சுரண்டி எடுக்கலாம், அவ்வளவுதான். தேயிலைச் செடி கருகிப்போவதும் இதனால்தான். ஒவ்வொரு வருடமும் பேப்பரில் "மினி காஷ்மீர் ஆனது ஊட்டி" என்று படம் போடுவார்களே, அது இதுதான்.

கலவைக்கு மேலே ஒரு காஷ்மீர்

இப்போது ஒரு ஆச்சரியமான சேதி. நம் கலவைக்கு மேலேயும் பனி இருக்கிறது! நம்ப முடியவில்லையா? மேலே போகப் போக காற்று குளிர்ந்துகொண்டே போகும். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். தரையில் 32 டிகிரி என்றால் 5 கிலோமீட்டர் உயரத்தில் என்ன? 32-லிருந்து 32.5-ஐக் கழியுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம்! ஆகவே நம் ஏரிக்கு மேலே இடி மின்னலோடு திரளும் பெரிய மேகங்களின் உச்சியில் ஐஸ் படிகங்கள் உண்டு. நம் ஊரில் பெய்யும் இடிமழையில் ஒரு பங்கு, மேலே பனியாகப் பிறந்து, கீழே வரும் வழியில் உருகித் தண்ணீரானதுதான். கோடையில் எப்போதாவது ஆலங்கட்டி மழை பெய்து ஓட்டு வீட்டைப் பதம் பார்க்கிறதே, அது வழியில் உருக நேரமில்லாமல் வந்து சேர்ந்த ஐஸ்.

அப்படியானால் மணாலியில் மட்டும் பனி ஏன் பனியாகவே தரைக்கு வருகிறது? இரண்டு காரணம். ஒன்று, உயரம். மணாலி நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர். பக்கத்தில் இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 2,500 மீட்டர். ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். இரண்டு, காற்று. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து "மேற்கத்திய கலக்கங்கள்" என்று வானிலை ஆய்வாளர்கள் சொல்லும் மழை மேகங்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதுகின்றன. தரையும் குளிர், மேகமும் குளிர். பிறகு உருக எங்கே இடம்? நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், மணாலியை விட உயரம். ஆனால் அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. குளிரும்போது மேகம் இருக்காது. மேகம் வரும்போது அந்த அளவு குளிர் இருக்காது. அதனால்தான் அங்கே பனிப்பொழிவு இல்லை.

பனிப் படிகம் ஆறு மூலை கொண்டது. தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி என்பவர் 1885-ல் மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திப் பனிப் படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். காலேஜ் வாசலை மிதிக்காதவர்! வசதி இல்லை என்று புலம்பும் நமக்கெல்லாம் இது ஒரு குட்டு.

ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பனி மட்டும் ஏன் வெள்ளை? கண்ணாடியை நொறுக்கிப் பாருங்கள், தூள் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான சிறு முகங்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. உப்பும் சர்க்கரையும் வெள்ளையாக இருப்பது இதே காரணத்தால்தான்.

புட்டு மாவுப் பதம்

எல்லாப் பனியிலும் பொம்மை வராது. நல்ல குளிரில், பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே விழும் பனி, டால்கம் பவுடர் மாதிரி. பிடித்தால் நிற்காது. பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் பனிதான் ஒட்டும். காரணம், அப்போது ஒவ்வொரு படிகத்தின் மேலும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அழுத்தினால் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு இறுகிவிடும். பவுடர் மெட்டலர்ஜி படித்தவர்களுக்கு "சின்டரிங்" என்றால் புரியும்.

பதம் பார்ப்பது எப்படி? ஃபவுண்டரி ஷாப்பில் மோல்டிங் மணலைக் கையில் பிடித்துப் பார்ப்போமே, அதேதான். வீட்டில் அம்மா புட்டு மாவு பிசையும்போது பார்ப்பதும் அதேதான். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். உதிர்ந்தால் காய்ந்த பனி. விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் நைந்த பனி. விரல் தடம் பதிந்து உருண்டை அப்படியே நின்றால், அதுதான் பதம்! நாங்கள் போன அன்று காலை ஒன்பது மணிக்கு உதிர்ந்தது. பதினொரு மணி வெயிலுக்குப் பிறகு பதம் வந்தது.

செய்முறை

1. இடம் பாருங்கள். சமதரை வேண்டும். ரோட்டோரம் கூடாது. வண்டி சறுக்கினால் பிரேக் பிடிக்காது. கூரைக்கு அடியிலும் கூடாது. மேலே சேர்ந்திருக்கும் பனி ஒரே பாளமாகச் சரிந்து விழும். மலைச்சரிவின் அடிவாரம் கூடவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2. கையளவு உருண்டை பிடித்து, பனித்தரையில் வைத்து உருட்டுங்கள். உருட்ட உருட்ட மேல்பனி ஒட்டிப் பெருக்கும். ஒரே திசையில் உருட்டினால் கோரைப்பாய் சுருட்டிய மாதிரி உருளையாகிவிடும். அடிக்கடி திசையை மாற்றுங்கள்.

3. கீழ் உருண்டை நிற்க வேண்டிய இடத்திலேயே வந்து முடிகிற மாதிரி உருட்டுங்கள். பிறகு அதை நகர்த்த முடியாது. அடியைச் சுற்றிப் பனியை மிதித்து அணை கொடுங்கள். தலையைத் தட்டித் தட்டையாக்குங்கள்.

4. நடு உருண்டையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஜாப்பைத் தூக்கும்போது சொல்லித் தந்தது நினைவிருக்கட்டும்.

5. மூன்றாவது, தலை. பிறகு இரண்டு மூட்டுகளிலும் பனியை அப்பிப் பூசுங்கள். சிமெண்டும் மணலும் சேர்த்த கலவையைப் பூசுவது போலத்தான். கலவை ஊர்க்காரனுக்குக் கலவை பூசச் சொல்லித் தர வேண்டுமா என்ன!

6. கண்ணுக்கு அடுப்புக்கரி, மூக்குக்குக் கேரட், கைக்குச் சுள்ளி. நாங்கள் கரியால் அய்யனார் மீசை வைத்து, தலையில் துண்டைக் கட்டி, "பனி முனீஸ்வரன்" என்று பெயர் வைத்தோம். வடநாட்டுக் குடும்பம் ஒன்று வரிசையில் நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டது. திரும்பும்போது துண்டை எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் பனி உருகித்தான் பியாஸ் ஆற்றில் குடிதண்ணீராக ஓடுகிறது.

பனியில் பொம்மை செய்வது சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். மைக்கேலாஞ்சலோவே 1494 ஜனவரியில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், மெடிசி பிரபு கேட்டுக்கொண்டதற்காகப் பனியில் சிலை செய்திருக்கிறார். 2008-ல் அமெரிக்காவின் பெத்தேல் என்ற சிற்றூரில் 37 மீட்டர் உயரத்துக்குப் பனிப் பெண் ஒருத்தியை எழுப்பினார்கள். நம் ஊர் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கணக்கு

டிப்ளமோ மாணவன் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் ஹெச்.ஓ.டி. கோபித்துக்கொள்வார்! உருண்டைகளின் விட்டம் 60, 45, 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். உருட்டி அழுத்திய பனி சுமார் 400 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். கோளத்தின் கன அளவு சூத்திரத்தைப் போட்டால் கீழ் உருண்டை 45 கிலோ, நடு 19 கிலோ, தலை 6 கிலோ. மொத்தம் 70 கிலோ. நம்மில் பல பேரை விட அதிகம்!

ஆசைப்பட்டுக் கீழ் உருண்டையை 90 சென்டிமீட்டராக்கினால்? விட்டம் ஒன்றரை மடங்குதான். எடையோ மூன்றே கால் மடங்குக்கு மேல், 153 கிலோ. விட்டத்தின் முப்படியாக எடை ஏறுகிறது. உருட்டிக்கொண்டு போகும்போது காலில் ஏறினால் எலும்பு நொறுங்கும். சரிவில் இருந்து கீழே உருட்டி விளையாடும் பைத்தியக்காரத்தனத்தை யாரும் செய்ய வேண்டாம்.

இன்னொரு கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோ ஜூல் வேண்டும். 70 கிலோவுக்கு 23,380 கிலோ ஜூல். அதாவது ஆறரை யூனிட் கரண்ட். ஒரு கிலோவாட் ஹீட்டர் ஆறரை மணி நேரம் ஓட வேண்டும். சுற்றியுள்ள பனியெல்லாம் உருகிய பிறகும் பனி மனிதன் மட்டும் சில நாள் தனியாக நிற்பது இதனால்தான்.

இதே கணக்கு உங்கள் உடம்புக்கும் உண்டு. தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்றால் அதை உருக்கவும் சூடாக்கவும் ஆகும் வெப்பம் உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும்.

என்ன உடுத்துவது?

குளிரைத் தடுப்பது துணி இல்லை, துணிக்குள் நிற்கும் காற்றுதான். அதனால் ஒரு தடித்த கோட்டை விட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி ஸ்வெட்டர், வெளியே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நம் ஊருக்குச் சரி, பனிக்கு ஆகாது. நனைந்தால் காயாது. தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி குளிரைத் தடுக்காது, குளிரை உள்ளே கூட்டிவரும்.

மணாலியிலிருந்து சோலாங் போகும் வழியெல்லாம் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். கையை உள்ளே விட்டு, ஈரமில்லையே என்று பார்த்து வாங்குங்கள். விரல் பிரித்த கையுறையை விட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு தரும். சாக்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், பையில் மாற்று சாக்ஸ் ஒன்று. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ஒரு வழி: வேறு ஷூ இல்லாவிட்டால் சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஷூவைப் போடுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும்.

கூலிங் கிளாஸை ஸ்டைலுக்கு என்று நினைக்காதீர்கள். புதுப்பனி சூரிய ஒளியில் 80 சதவிகிதத்துக்கு மேல் திருப்பி அடிக்கிறது. புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரியும்.

பெரியப்பாவின் கால்விரல்

வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை "ராணுவப்பேட்டை" என்றே அழைப்பார்கள். என் பெரியப்பாவும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். லடாக்கில் டியூட்டியில் இருந்தபோது ஐஸ் உடைந்து ஓடையில் கால் இறங்கிவிட்டது. பூட்ஸைக் கழற்றிக் காயவைக்க நேரமில்லாமல் பல மணி நேரம் நடந்தார். இடது காலில் இரண்டு விரல் இன்று இல்லை. டூருக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றி, காலைக் காட்டித்தான் பேசினார்.

"டேய், வலிக்குதுன்னா பயப்படாத. வலி நின்னுச்சு பாரு, அப்ப பயப்படு. விரல் வெள்ளையா மெழுகு மாதிரி ஆயிட்டா தேய்க்காத. நெருப்பு கிட்ட கொண்டு போவாத. வெதுவெதுன்னு தண்ணில வை. சாராயம் குடிச்சா சூடுன்னு எவனாவது சொன்னா அவன நம்பாத."

இதில் ஒவ்வொரு வார்த்தையும் மருத்துவ ரீதியாகச் சரி. குளிர் அதிகமானால் உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற, விரல் நுனி ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. முதலில் குத்தும், பிறகு மரத்துப்போகும், பிறகு திசுவே உறையும். உறைந்த திசுவைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் ஐஸ் படிகங்கள் செல்லைக் கிழிக்கும். மரத்த காலை நெருப்பில் காட்டினால் வேகுவதே தெரியாது. மது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, சூடு ஏறிய மாதிரி ஏமாற்றி, உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

சோலாங்கில் எங்கள் செட் நண்பன் ஒருவன் கேன்வாஸ் ஷூவோடு இரண்டு மணி நேரம் ஆடினான். "கால் இருக்கா இல்லையான்னே தெரியல மச்சான்" என்று சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷூவைக் கழற்றினால் மூன்று விரல் வெளுத்திருந்தது. டீக்கடை அடுப்புப் பக்கம் தூக்கிப்போக நான்கு பேர் தயாரானார்கள். தடுத்து நிறுத்தி, கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தோம். 37 முதல் 39 டிகிரி, அதாவது உடம்புச் சூடு அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. அரை மணி நேரம் காலை அதில் வைத்தான். உணர்வு திரும்பும்போது வலியில் அலறினான். பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வலித்தால் நல்லது! சிவந்து, மறுநாள் சரியாகிவிட்டது. கொப்புளம் வந்தாலோ, நிறம் திரும்பாவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. மறுபடியும் குளிரில் உறைய வாய்ப்பிருந்தால் பாதியில் சூடாக்காமல் முதலில் பாதுகாப்பான இடம் போய்ச் சேருங்கள்.

இன்னொன்று, உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோவது. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், நாக்குக் குழறல், தடுமாற்றம், பேந்தப் பேந்த விழிப்பது என்று வரிசையாக வரும். நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடேறாமலே நடுக்கம் நின்று தூங்கினால், அவன் தேறவில்லை, மோசமாகிறான் என்று அர்த்தம். ஈரத்துணியைக் கழற்றி, கம்பளி போர்த்தி, சுயநினைவு இருந்தால் சூடாக இனிப்பு டீ கொடுத்து, டாக்டரிடம் கொண்டு போங்கள்.

சாவு விளையாட்டல்ல

இனி சொல்லப்போவதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

உங்கள் டிராயிங் பாக்ஸில் இரண்டு செட் ஸ்கொயர் இருக்கிறது. ஒன்றில் 30 டிகிரி, இன்னொன்றில் 45. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கோணத்துக்கும் நடுவில் உள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. அதை விடத் தட்டையாக இருந்தால் பனி நகராது. அதை விடச் செங்குத்தாக இருந்தால் பனி சேராமல் அவ்வப்போது கொட்டிவிடும். நடுவில்தான் சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் ஒட்டுமொத்தமாக இறங்கும். 2023 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடிய போலந்து நாட்டுக்காரர்கள் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைப்பவர் அதிகம். அதன் பிறகு வாய்ப்பு மளமளவென்று குறையும். "நான் உன்னைப் புதைக்கிறேன், நீ போட்டோவுக்குப் போஸ் கொடு" என்பதும், பனியில் குகை தோண்டிப் படுப்பதும் வேண்டாம்.

இரண்டாவது, மூடிய அறை. ஓட்டலில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் காலையில் கதவை உடைத்துத்தான் திறப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலை ஊரில் பனி பார்க்கப் போன கூட்டம் ரோட்டிலேயே மாட்டிக்கொண்டு, 20-க்கும் மேற்பட்டவர்கள் காருக்குள்ளேயே இறந்தார்கள். புகைக்குழாயைப் பனி மூடியிருக்க, சூட்டுக்காக என்ஜினை ஓட்டினால் புகை உள்ளேதான் வரும். அங்கே பலர் இறந்தது இந்த விஷப்புகையால்தான். வண்டி மாட்டிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

மற்றவை சுருக்கமாக:

* பனி உருண்டையில் கல்லோ ஐஸோ வைத்து எறியாதீர்கள். முகத்துக்குக் குறி வைக்காதீர்கள்.

* ஓடை, குளத்தின் மேல் படிந்த பனியில் நடக்காதீர்கள்.

* 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, வாந்தி வந்தால் மேலே போக வேண்டாம். கீழே இறங்குவதுதான் மருந்து.

* இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் மூக்கையும் காதையும் மற்றவர் பார்த்துக்கொள்ளுங்கள். தன் மூக்கு வெளுப்பது தனக்குத் தெரியாது.

* மாலை நான்கு மணிக்கு மேல் விளையாட்டை முடித்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்ந்தால் குளிர் இறங்குவது தெரியாமல் இறங்கும். நனைந்த ரோடு கண்ணாடியாகிவிடும்.

விளையாட்டுக்காகப் போகும் நாம் மறக்கக் கூடாத ஒரு தேதி 2016 பிப்ரவரி 3. அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்த காவல் நிலையின் மேல் ஐஸ் சுவர் சரிந்தது. ஹனுமந்தப்பா கொப்பத் என்ற கர்நாடக வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11-ல் டெல்லி மருத்துவமனையில் காலமானார். பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர், ஹவில்தார் ஏழுமலை, நம் வேலூர் மாவட்டத்துக்காரர். நமக்கு ஒரு நாள் வேடிக்கையாக இருக்கும் பனி, அவர்களுக்குத் தினமும் டியூட்டி.

கடைசியாக நம் தொழில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தைக்கும் ஷூவும் ஜாக்கெட்டும் கையுறையும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றன. பனியே பார்க்காத நம் அக்கா தங்கைகளின் கைவேலைதான் அங்கே பனியில் நடக்கிறது. நம்மில் பாதிப் பேர் படிப்பு முடித்து அந்த ஃபேக்டரிகளில்தான் சூபர்வைசராகவும், குவாலிட்டி செக்‌ஷனிலும் உட்காரப் போகிறோம்.

சோலாங்கில் அந்த நண்பனின் நனைந்த ஷூவைக் கையில் வைத்துப் பார்த்தேன். அது தோல் ஷூ இல்லை, கேன்வாஸ்தான். மேல்பாகமும் சோலும் சேரும் இடத்தில் கால் அங்குலம் ஒட்டு விட்டிருந்தது. அவ்வளவுதான், தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்தக் கால் அங்குலம் ஒன்றுமே இல்லை, ஒட்டிக்கொண்டு போய்விடுவோம். பனியில் அது மூன்று விரல்.

ஆகவே ஜூனியர் நண்பர்களே, டூருக்குப் போகிறவர்கள் ஷூவைப் பார்த்து எடுத்துப் போங்கள். நனைந்தால் நெருப்பில் காட்டாமல் உள்ளே நியூஸ் பேப்பரைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோல் சூட்டில் சுருங்கி வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டூருக்குப் போக முடியாதவர்கள் வருத்தப்படாதீர்கள். நாளைக்கு உங்கள் டேபிளுக்கு வரும் ஒரு ஜோடி பூட்ஸைப் பாஸ் போடும் முன் தையலை ஒரு தரம் விரலால் தடவிப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் பனியில் நிற்கப் போகிறார்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கலவை